வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும் ஓடிய நெட்

திண்டிவனம் கிளை மேலாளரை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்காது. அவருக்கும் என்னைப் பிடிக்காது, ஆகவே அந்த விஷயத்தில் யாருக்கும் நஷ்டமில்லை. எங்களுடையது விதை விற்கும் தனியார் கம்பெனி. நான் விழுப்புரம் தலைமை அலுவலகத்தில் கம்ப்யூட்டரும் நெட்வொர்க்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். பில் போடுவதெல்லாம் ஆன்லைனுக்கு மாறி, ஸ்மார்ட்போன் எல்லார் கைக்கும் வந்துவிட்ட காலம். எந்தக் கிளையில் நெட் நின்றாலும் என் போன் அடிக்கும். மற்ற மேலாளர்கள் வணக்கமாவது சொல்வார்கள். இவர், "என்னாய்யா, தூங்கிக்கினு கீறியா?" என்றுதான் ஆரம்பிப்பார்.

அந்த வருடம் ஆயுத பூஜை விடுமுறை முடிந்து ஆபீஸ் திறந்ததிலிருந்து திண்டிவனத்தில் நெட் ஊர்ந்தது. ஒரு பில் வருவதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். விழுப்புரத்திலிருந்து பார்த்தால் அந்தக் கிளை மூச்சுத் திணறுவது மட்டும் தெரியும், ஏன் என்று தெரியாது. லைன் கொடுத்த கம்பெனியோடு சண்டை போட்டேன். அவர்கள் பக்கம் எல்லாம் சரி என்றார்கள். கார்த்திகை பிறந்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விதைக்குக் கூட்டம் வரத் தொடங்கியதும் நிலைமை கெட்டுப்போனது. ஓமந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர், "கம்ப்யூட்டர பாத்துக்கினு குந்தினு கீறீங்களே, எங்க நெலம் காயுதுய்யா" என்று கவுன்டரைத் தட்டிக் கத்தியது போன் வழியாக எனக்கே கேட்டது.

ஆனால் மேலாளர் அதற்குள் குற்றவாளியைப் பிடித்து வைத்திருந்தார். கவுன்டரில் பில் போடும் அம்மாதான். கோட்டக்குப்பத்திலிருந்து தினமும் பாண்டிச்சேரி வந்து பஸ் மாறி வருகிறவர். கணவருக்குக் குவைத்தில் வேலை.

"அந்தம்மா ஆபீஸ் நெட்டுல புருஷன்கூட வீடியோல பேசிக்கினு கீதுய்யா. அதான் மொத்தத்தையும் இஸ்துக்குது" என்றார்.

"நீங்க பாத்தீங்களா சார்?"

"பாக்கணுமா? வெள்ளிக்கெழம மத்தியானம் பர்மிஷன் போட்டுட்டு ஊருக்குப் போயிடுது. அன்னிக்கு மட்டும் நெட்டு பறக்குது. இதுக்கு மேல என்னா வேணும்?"

எனக்கு எரிச்சலாக இருந்தது, ஏனென்றால் அது உண்மை. வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் திண்டிவனம் லைன் சுத்தமாக இருப்பதை நானும் கவனித்திருந்தேன். அந்த அம்மாவின் கான்ட்ராக்ட் அந்த மாதக் கடைசியோடு முடிகிறது. நான் வந்து சோதித்து, அவர்தான் காரணம் என்று எழுதிக் கொடுத்தால் போதும், புதுப்பிக்காமல் அனுப்பிவிடலாம் என்பது மேலாளரின் திட்டம். ஒருத்தர் வேலைக்கு உலை வைக்க என் கையெழுத்து வேண்டியிருந்தது.

போனேன். பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன், அந்தக் கோபம் வேறு.

ஹாலில் நுழைந்ததும் மேலாளர் எல்லார் காதிலும் விழும்படி, "மொதல்ல அந்தம்மா வயர புடுங்குய்யா" என்றார். கவுன்டருக்கு வெளியே விதை வாங்க வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அந்த அம்மா நாற்காலியை நகர்த்தி எனக்கு வழிவிட்டார். முகத்தில் அழுகையெல்லாம் இல்லை. என்னைப் பார்த்த பார்வையில் வெறுப்புதான் இருந்தது.

"எனக்கு வைஃபை பாஸ்வேர்டே தெரியாது சார். இவரு பழி போட்டதுலேருந்து இங்க போனையே தொடறதில்ல. சொன்னா யாரு நம்புறாங்க? நீங்களும் அவரு கூப்ட்டுதான வந்திருக்கீங்க" என்றார்.

சுவரில் மாட்டியிருந்த பெட்டியைத் திறந்தேன். எல்லாக் கம்ப்யூட்டரின் வயரும் வந்து சேரும் ஸ்விட்ச் அதற்குள் இருந்தது. ஒவ்வொரு வயருக்கும் ஒரு சின்ன விளக்கு. யாராவது வேலை செய்தால் அந்த விளக்கு விட்டுவிட்டு மினுக்கும். அன்றைக்கு அத்தனை விளக்கும் ஒரே நேரத்தில் வெறி பிடித்த மாதிரி துடித்துக்கொண்டிருந்தன. வீடியோ பேசினால் இப்படி ஆகாது. பார்த்த உடனே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அந்த அம்மாவின் வயரைப் பிடுங்கினேன். விளக்குகள் அடங்கவில்லை. கணக்கு பார்ப்பவருடையதைப் பிடுங்கினேன், குடோன்காரருடையதைப் பிடுங்கினேன், பிரிண்டரையும் பிடுங்கினேன். அடங்கவில்லை. கடைசியில் ஹாலில் இருந்த அத்தனையும் கழன்று, வெளியிலிருந்து நெட் வரும் வயரைத் தவிர ஒரே ஒரு வயர்தான் மிச்சம். அது எங்கே போகிறது என்று எல்லாருக்கும் தெரியும். அதைப் பிடுங்கினேன். நெட் வயரின் விளக்கு அமைதியாகிவிட்டது.

"என் ரூமா?" என்றார் மேலாளர். "யோவ், நான் கம்ப்யூட்டரயே தொடறதில்லய்யா."

அதிலும் பொய்யில்லை. அவர் கம்ப்யூட்டர் மேல் எப்போதும் பேப்பர்தான் விரித்திருக்கும்.

அவர் மேஜைக்கு அடியில் குனிந்தேன். அங்கே இன்னொரு சின்ன ஸ்விட்ச் இருந்தது. அதன் நெற்றியில் சந்தனம் காய்ந்து, குங்குமம் உதிர்ந்துகொண்டிருந்தது. முன்பு அந்த அறையில் இரண்டாவது கம்ப்யூட்டர் ஒன்று இருந்து, பிறகு ஹாலுக்குப் போய்விட்டது. அதனுடைய வயர் மட்டும் ஒரு முனை ஸ்விட்சிலும் மறுமுனை தரையிலுமாகக் கிடந்திருக்கிறது. இப்போது மறுமுனையும் அதே ஸ்விட்சில், பக்கத்து ஓட்டையில் சொருகியிருந்தது. ஒரே வயரின் இரண்டு முனையும் ஒரே பெட்டியில் இருந்தால், உள்ளே வரும் செய்தி வெளியே போக வழியில்லாமல் சுற்றிச் சுற்றிப் பெருகி மொத்த ஆபீஸையும் அடைத்துவிடும்.

"இத யாரு சார் சொருகினது?"

அவருக்கு அப்போதும் விளங்கவில்லை, பெருமையாகவே சொன்னார். "நான்தான். என் ரூமு பூஜைய யாரையும் தொட விடமாட்டேன். பொட்டு வைக்கறப்ப பாத்தா வயரு அசிங்கமா தொங்கிக்கினு இருந்திச்சு. பூஜ அன்னிக்கு அப்டி கெடக்கலாமா? பக்கத்துல ஓட்ட காலியா இருந்திச்சு, சொருகினேன்."

வெள்ளிக்கிழமை விஷயமும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் இந்த ஆள் இங்கே இருந்ததே இல்லை. விழுப்புரத்தில் மீட்டிங் என்ற பெயரில் எங்கள் எதிரில் உட்கார்ந்து பஜ்ஜி தின்றுகொண்டிருப்பார். கிளம்பும்போது கரண்ட் மிச்சம் பிடிக்க அறையின் மெயினையே அணைத்துவிட்டு வருவார். அதோடு இந்த ஸ்விட்சும் அணையும், நெட் பறக்கும். இரண்டு பேருமே ஆபீஸில் இல்லாத நேரத்தை வைத்து, அந்த அம்மா மேல் மட்டும் பழியைப் போட்டிருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மேஜையைப் புரட்டியிருப்பேன்.

விஷயம் புரிந்ததும் அவர் குரல் இறங்கியது. "சரி, வயரு ரிப்பேருன்னு எழுதிக் குடுத்துடு. வெளிய ஒன்னும் பேசிக்கினு இருக்காத."

வயரைப் பிடுங்கிக் கையில் சுற்றிக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். மற்ற வயர்களை மாட்டினேன். பில்கள் மளமளவென்று வந்தன. மேலாளர் கதவருகே வந்து நின்று, "நெட்டு சரியாயிடுச்சு. வேலையப் பாருங்க" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது.

"மேலாளர் பூஜை அன்னைக்குத் தப்பா சொருகின வயரு இது. இப்படியேதான் எழுதிக் கொடுக்கப் போறேன்" என்று நான் ஹாலுக்குச் சொன்னேன். கவுன்டருக்கு வெளியே ஒருவர் சிரித்தார்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. எழுந்து நின்று, "பாஸ்வேர்டு என்ன சார்?" என்று என்னைக் கேட்டார். சத்தமாகச் சொன்னேன். "யோவ்!" என்றார் மேலாளர்.

அந்த அம்மா ஹால் நடுவிலேயே நின்று போனில் கணவருக்கு வீடியோ போட்டார். சுவர்ப் பெட்டி திறந்தே இருந்தது. வீடியோ ஓடும்போதும் ஸ்விட்சில் விளக்குகள் சாதாரணமாகத்தான் மினுக்கிக்கொண்டிருந்தன. திரையில் தலையில் ஹெல்மெட்டும் முகமெல்லாம் வியர்வையுமாக ஒரு மனிதர் வந்தார்.

"என்னா ஆச்சு புள்ள? மூணு வாரமா ஏன் போன எடுக்கல?" அவர் குரல் ஹால் முழுக்கக் கேட்டது. "எனக்கு சாப்பாட்டு நேரத்துலதான பேச முடியும்? நான் என்ன தப்பு பண்ணேன், சொல்லு."

அந்த அம்மா போனை மேலாளரின் முகத்துக்கு நேராகத் திருப்பினார்.

"கேக்குறாரு பாருங்க. நீங்களே சொல்லுங்க சார்."