அமிலம் சேர்க்காதது

கொதித்து ஆறிய தண்ணீரில் முதலில் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் பச்சை உப்பை அள்ளிப் போடுகிறார் லேப் அக்கா. மாற்றிச் செய்தால் போச்சு. கலக்கும்போது கண்ணாடிக் கோல் சத்தம் போடக்கூடாது என்பது அவருடைய தனிச் சட்டம். புத்தகத்தில் அந்த உப்புக்குப் பெரஸ் சல்பேட் என்று பெரிய பெயர்; அக்காவுக்கு அது "கோவக்காரி". "காத்து பட்டாலே மூஞ்சி மாறிடும். அமிலம் கூட இருந்தாத்தான் கொஞ்ச நேரமாவது பொறுத்துப் போவா."

அவருடைய வெள்ளை மேலங்கி எப்போதோ வெள்ளையாக இருந்தது. இப்போது வயிற்றுப் பக்கமெல்லாம் துருக்கறை. மிச்சத் தேநீரில் இந்த உப்பைக் கிள்ளிப் போட்டுக் கன்னங்கரேலென்று மையாக்கிக் காட்டி, புதிதாக வரும் பிள்ளைகளை வாய் பிளக்க வைப்பார். "இதுக்கு மார்க் கிடையாது, சும்மா பாரு." பத்தொன்பது வருடமாகத் தற்காலிக ஊழியர். நிரந்தரமாக்கும் கோப்பு இந்த ஆண்டுதான் துறைத்தலைவர் மேசை வரை வந்து சேர்ந்திருக்கிறது.

துறைத்தலைவர் பெரிய படிப்பாளி. உப்பைத் தொட்டு எத்தனை காலமாயிற்றோ, புட்டிகளுக்குச் சீட்டு எழுதி ஒட்டுவதை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். அக்காவின் எழுத்து கோழி கிண்டியது போல் இருக்கிறதாம். திங்கட்கிழமைச் செய்முறைத் தேர்வுக்கு வெள்ளிக்கிழமையே கரைசல் போடச் சொன்னார்.

"அமிலம் தீந்துபோச்சு சார். வெறும் தண்ணியில கலக்கினா மூணு நாள் தாங்காது."

"நீ சொல்லித்தான் நான் கெமிஸ்ட்ரி கத்துக்கணுமா? கலக்கும்மா!"

கலக்கினார். தலைவர் உப்பின் பெயர், தேதி, 'அமிலம் சேர்க்காதது' என்று அச்சுப்போல எழுதி ஒட்டினார்.

திங்கட்கிழமை புட்டிக்குள் பழுப்புச் சேறு. "அரை மணி நேரம் குடுங்க சார், பக்கத்துக் கட்டடத்துல அமிலம் வாங்கிட்டு வந்து புதுசா போட்டுடறேன்" என்று அக்கா கெஞ்சினார். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் முன்னால் மானம் போய்விடும் என்று, அதையே வடிகட்டி ஊற்றச் சொன்னார் தலைவர். முப்பத்திரண்டு பிள்ளைகளின் அளவும் தாறுமாறு. விசாரணை வந்தது. "அந்தம்மா அமிலம் ஊத்த மறந்துட்டாங்க" என்று கூசாமல் சொன்னார் தலைவர். படித்த வாயில் பொய் எவ்வளவு சுத்தமாக வருகிறது!

அக்கா அந்தப் புட்டியைக் கழுவவில்லை. அடியில் துருப் படிந்தபடி, தலைவர் கைப்பட எழுதிய சீட்டோடு அலமாரியின் பின்வரிசையில் ஒளித்து வைத்தார். "இதை நீட்டினேன்னா அந்த ஆளு வாயைத் திறக்க முடியாது" என்று கணவரிடம் நாலு நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் நாள் தலைவர் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில், அமிலம் ஊற்ற மறந்ததாக அக்கா பெயரில் அடித்து வைத்த மன்னிப்புக் கடிதம். பக்கத்தில் அக்காவின் கோப்பு.

"கையெழுத்துப் போடும்மா. போட்டா இது இன்னிக்கே மேல போயிடும். இல்லன்னா இங்கேயே கிடக்கும். உன் இஷ்டம்."

பத்தொன்பது வருடம். பேனாவை வாங்கித் தன் கோழிக் கிறுக்கலில் பெயரெழுதிக் கொடுத்தார்.

ஆய்வகத்தில் புது அமிலம் வந்து இறங்கியிருந்தது. பின்வரிசைப் புட்டியை எடுத்து அதில் கொஞ்சம் விட்டுக் குலுக்கினார். சேறு கரைந்து மஞ்சளாக ஓடியது. சீட்டு மட்டும் உரிந்து வரவில்லை. குழாயடியில் பிடித்து, அந்த அச்செழுத்தை நகத்தால் சுரண்டத் தொடங்கினார்.