கண்ணாடிச் சட்டத்துல ஒரு பேட்ச் குறையுது

இன்னைக்குப் பொள்ளாச்சிக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போயிருந்தோம்.

ஹால் சுவர் முழுக்கக் கண்ணாடிச் சட்டத்துல விமானப்படை ஸ்குவாட்ரன் பேட்சுக, யூனிஃபார்ம்ல ஒட்டிக்கிற துணிச் சின்னங்க. எல்லாம் மாப்பிள்ளையோட அப்பா சேர்த்தது. ஒவ்வொண்ணுக்கும் கதை சொன்னாரு.

"இந்த நாரை வாயில ஏன் மூட்டை இருக்குன்னு தெரியுங்களா? வெள்ளத்துல சோத்துமூட்டை போட்ட ஸ்குவாட்ரனுங்க." சொல்றப்பவே அவருக்குக் கண்ணு கலங்கிருச்சு.

எனக்கு மனசு நெறஞ்சுபோச்சு. நானும் அந்த மாதிரி சரக்கு விமானம் ஓட்டுறவதான். என் ஸ்குவாட்ரன் பேட்ச் அவர்கிட்ட இல்ல. பையிலிருந்து எடுத்துக் குடுத்தேன். கண்ணுல ஒத்திக்கிட்டு, சட்டத்துல காலியா இருந்த ஒரு இடத்துல வெச்சாரு.

காப்பி வந்துச்சு. அவரே ஆரம்பிச்சாரு.

"கல்யாணத்துக்கப்புறம் அம்மணி வேலைய உட்டுப்போடணுங்க. பொம்பளப்புள்ள வானத்துல சுத்துனா ஊட்டை யாருங்க பாக்குறது?"

எங்கப்பா என்னைப் பார்த்தாரு. நான் எந்திரிச்சுப் போய் பேட்சைத் திருப்பிக் கேட்டேன்.

"அட, வேலைய உட்டதுக்கப்புறம் அது உனக்கெதுக்கு கண்ணு? இங்க பத்திரமா இருக்குமல்ல"ன்னாரு.

வாங்கிட்டு வந்துட்டேன். சட்டத்துல அந்த இடம் காலியாத்தான் இருக்கு. வேலைய உட்டுப்போட்டு அங்க போய் ஒட்டிக்க ஆசைப்படுற பைலட் பொண்ணுக யாராச்சும் இருந்தா சொல்லுங்க, அட்ரஸ் தாரேன்.