பச்சை போர்டு, பழுப்பு போர்டு

கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றியபோது உள்ளே பாசி படர்ந்திருப்பதாகத்தான் முதலில் நினைத்தேன். குரங்கணிக்கு மேலே, ஜீப் பாதை முடிகிற இடத்தில் இருக்கிற ஏலக்காய் ஸ்டோர் அது. பறித்த காயை அடுப்புச் சூட்டில் உலர்த்துகிற கட்டடத்தை எங்கள் பக்கம் ஸ்டோர் என்போம். அங்கே மேகம் ஒரு ஜன்னல் வழியாக வந்து, சோலி இல்லாதவரைப் போலச் சுற்றிப் பார்த்துவிட்டு, மறு ஜன்னல் வழியாகப் போகும். அப்படிப்பட்ட இடத்தில் இரும்புப் பெட்டிக்குள் பாசி வளர்ந்தால்தான் என்ன என்று தோன்றியது. விரலால் தொட்டேன். மாவாக உதிர்ந்தது. மதர்போர்டில் இருந்த பேட்டரி கசிந்து, செம்புக் கோடுகளைத் தின்று தீர்த்திருந்தது.

"செத்துருச்சா?" என்று பின்னால் நின்று கேட்டார் ஸ்டோரை நடத்துகிற அக்கா.

"போர்டு மட்டும் போச்சுக்கா."

"திங்கக்கெழம காயெடுப்பு. ஆளுகளுக்குச் சொல்லியாச்சு. மனசுல வச்சுக்க."

மனதில் வைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டியதே இல்லை. எனக்கு அங்கே வேறு எதற்கும் இடம் கிடையாது. பறித்த காய் காத்திருக்காது. அன்றைக்கே சூட்டு அறைக்குள் போகாவிட்டால் புழுங்கி, நிறம் கெட்டுவிடும். அது வெள்ளிக்கிழமை காலை.

அந்தக் கம்ப்யூட்டரைக் கடையில் வாங்கியபடியே வைத்திருக்கவில்லை. அறையின் சூட்டை அளந்து, விசிறி எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று சொல்கிற நீளமான கார்டு ஒன்று அதற்குள் உண்டு. ஒரு கல்லூரி வாத்தியார் கையால் செய்தது. புரோகிராமும் அவர் எழுதியதே. ஒயர் இழுத்தது, விசிறியைத் தட்டிவிடுகிற ரிலே மாட்டியது, அடுப்புச் சாம்பல் போகாமல் துணி வடிகட்டி வைத்தது எல்லாம் நான். வாத்தியார் ஊர் மாறிப் போய்விட்டார். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எந்த ஒயர் எங்கே போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஏன் போகிறது என்று கேட்டால் வியர்த்துவிடும். புதிதாக ஒரு கருவி வாங்கி மாட்டியும் பார்த்திருக்கிறோம். அந்த அறையின் குணம் அதற்குப் பிடிபடவே இல்லை.

போடியில் பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். அன்று சாயங்காலமே அவரிடம் போய், வாத்தியாரின் கார்டு உட்காரும் நீளக் கறுப்பு ஸ்லாட் உள்ள போர்டு வேண்டும் என்றேன். அவர் அலமாரிக்குள் தலையை விட்டு, இரண்டை எடுத்து வந்தார். ஒன்று பழுப்பு நிறம், ஓரமெல்லாம் கீறல். பேட்டரி இருந்த இடம் காலியாக இருந்தது. கசிவதற்கு முன்பே அவரே வெட்டி எடுத்துவிட்டாராம். இன்னொன்று அதைவிடச் சில வருடம் பிந்தியது. நல்ல பச்சை. அதிலும் ஓரத்தில் ஒரே ஒரு கறுப்பு ஸ்லாட் இருந்தது.

இரண்டையும் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன்.

"என்ன மாப்ளே, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி பாக்குற? பாடச் சொல்லவா?"

"ரெண்டும் ஓடுமாண்ணே?"

"ஓடும். ரெண்டையும் கொண்டு போ. வேணாங்கிறத திருப்பிக் குடு."

இரண்டையும் கொண்டுபோய், ஜீப்பு குலுக்கலில் ஒன்றோடு ஒன்று உரசி இரண்டும் போய்விட்டால்? ஒன்று போதும் என்றேன். கை பச்சைக்குப் போனது. எங்கள் ஊரில் ஏலக்காயை உள்ளங்கையில் அள்ளி, வாசல் வெளிச்சத்தில் உருட்டி, பச்சையாக இருந்தால் நல்லது என்று எடுத்துப் பழகிய கை. அது யோசித்துப் போவதில்லை.

மறுநாள் ஜீப்பில் போர்டை மடியில் வைத்துக்கொண்டு மேலே போனேன். இரண்டாவது திருப்பத்தில் கண் சொருகியது. கறுப்பு கறுப்பாக வரிசையில் உட்கார்ந்திருந்த சிப்புகள் ஒரு வகுப்பறையாகிவிட்டன. நான் தாமதமாக உள்ளே நுழைகிறேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் விடை தெரிந்திருக்கிறது. எனக்குக் கேள்வியே தெரியவில்லை. ஜீப்பு குழியில் இறங்கியபோது போர்டை மார்போடு அணைத்துக்கொண்டு விழித்தேன்.

மாட்டினேன். கார்டு சரியாக உட்கார்ந்தது. திரையில் எழுத்து வந்தது. காய் இல்லாமல், வெறும் அறையில் அடுப்பைப் பற்றவைத்துச் சோதித்தோம். சூடும் சரியாகக் காட்டியது. அக்கா டீ கொண்டுவந்தார். அப்போதுதான் விசிறி ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது, கண் சிமிட்டுவது போல.

அக்கா திரையைப் பார்த்தார். "ஏந்தம்பி, டீ இன்னும் ஆறல. இது ஆறு மணி நேரம் ஆச்சுங்குது. இந்த வேகத்துல போனா சாயங்காலத்துக்குள்ள எனக்குப் பேரன் பொறந்துருவான்."

சிரிப்பு வரவில்லை. அடுப்பின் சூட்டில் நின்றபடி அந்த அறையையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே கால் நாள் போய்விட்டது. வெளியே மேகம் ஒரு முழம்கூட நகரவில்லை. எந்தப் பக்கம் நிஜம் என்று ஒரு கணம் குழம்பிப் போனேன். பிறகு மெல்ல விளங்கியது. வாத்தியாரின் புரோகிராம் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணும். ஒரு கணக்கு வந்ததும் ஒரு நிமிடம் என்று வைத்துக்கொள்ளும். பிந்தி வந்த, வேகமான பச்சை போர்டு, கண்ணாமூச்சியில் கடகடவென்று எண்ணி முடித்துவிட்டுத் தேடக் கிளம்புகிற பிள்ளை. யாரும் சொல்லித்தராமல் எனக்குப் புரிந்த ஒன்று இது. சந்தோஷப்பட நேரமில்லை. செத்த போர்டின் நிதானத்தில் எண்ணக்கூடியது அந்தக் காலத்துப் பழுப்புதான். அந்தப் பழுப்பு போர்டை இதற்குள் எவனாவது பழைய இரும்போடு அள்ளிப் போயிருந்தால்?

ஞாயிறு காலை, முதல் ஜீப்பில் இறங்கும்போதே அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"கடை லீவுடா. கல்யாண வீட்டுக்குப் போகணும். வெரசா வா."

வெள்ளை வேட்டியோடு வந்து பாதி ஷட்டரைத் தூக்கினார். பழுப்பு போர்டு ஒரு பழைய ஃபேனுக்கு அடியில் கிடந்தது. "பச்சையப் பாத்து மயங்குனியாக்கும்? ஏலக்காயா வாங்குற?" என்று தூசியை என் சட்டைப் பக்கமே ஊதிவிட்டுக் கொடுத்தார்.

மதியம் மாட்டினேன். பேட்டரி இல்லாததால் மூன்று பென்சில் பேட்டரிகளை ஒயரில் கோத்து, பெட்டிக்கு வெளியே தொங்கவிட்டேன். கசிந்தாலும் வெளியே கசியட்டும். அக்கா தன் போனில் மணி பார்க்க, நான் திரையைப் பார்க்க, இருவரும் உட்கார்ந்திருந்தோம். போனில் ஒரு நிமிடம். திரையிலும் ஒரு நிமிடம். பத்து நிமிடம், அதுவும் பத்து. அரை மணிக்கு விசிறி நிதானமாகக் கிளம்பி, நிதானமாக நின்றது. அந்த அறைக்குள் நேரம் தன் பழைய நடையில் நடக்கத் தொடங்கியிருந்தது. எனக்கு உறக்கம் வருவது போல இருந்தது.

திங்கட்கிழமை பிற்பகல் மூட்டைகள் வந்து இறங்கின. அக்கா கழுவிய காயைத் தட்டுகளில் பரப்ப ஆரம்பித்தார். இன்னும் ஒரு தடவை, ஒரு மணி நேரம் மட்டும் வெறும் அறையில் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"என்ன நிக்கிற? அந்தப் பக்கம் பிடி."

தட்டின் மறுமுனையைப் பிடித்தேன். ஈரக் காய் கனத்தது. இருவருமாக உள்ளே தூக்கிப் போனோம்.