ஒழுகாத தொட்டி

அவர் அறிமுகமானது ஒரு புத்தக அலமாரியால். அலமாரி கேட்டுப் போனவன், தன் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்துப் பட்டத்தோடு திரும்பியவன். மரத்தில் செய்தால் கரையான் தின்னும், இரும்பில் செய்தால் பேரப்பிள்ளை காலம்வரை நிற்கும் என்று கணக்குப் போட்டுப் போனவன். அவன்தான் இதை எழுதுகிறான். வெல்டிங் பட்டறைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, புத்தகம் எத்தனை இருக்கிறது என்று கேட்டார். இப்போதைக்குக் கொஞ்சம்தான், இனிமேல் சேரும் என்று பதில் வந்ததும், "அப்ப சேரப்போற கனத்துக்குத்தான் தகடு போடணும்" என்று சொல்லி வியாழக்கிழமை வரச்சொன்னார். வியாழக்கிழமை காலையில் அலமாரி பெயின்ட் காய்ந்து வாசலில் நின்றது.

அதுதான் அவருடைய பெருமை. பட்டறை முகப்பில் ஒரு கரும்பலகை. யாருக்கு என்ன வேலை, எந்தத் தேதிக்கு என்று சாக்பீஸில் எழுதியிருக்கும். எழுதிய தேதி தப்பாது. கை சுட்டாலும் சரி, காய்ச்சல் அடித்தாலும் சரி. தெருவில் அவருக்குத் 'தேதிக்காரர்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அந்தப் பெயரைச் சொன்னால் காதில் விழாத மாதிரி இருப்பார். மீசை மட்டும் காட்டிக்கொடுத்துவிடும்.

அதே பட்டறையின் பின்சுவர் ஓரமாகச் சாக்கு போர்த்தி ஒரு நீளத் தொட்டி கிடந்தது. இது யாருக்கு என்று கேட்டதற்கு, "அது இன்னும் முடியல" என்றார். முன்பக்கம் மேஜையில் பில் எழுதிக்கொண்டிருந்த அவர் மனைவி அதைக் கேட்டுச் சிரித்தார். அது சந்தோஷத்தில் வந்த சிரிப்பு இல்லை. பலகையில் அந்தத் தொட்டிக்கு மட்டும் தேதியே கிடையாது.

அது அவர்கள் சபைக்கான ஞானஸ்நானத் தொட்டி, ஆளை இறக்கித் தண்ணீரில் முழுக்கி எடுப்பதற்கு. சின்னச் சபை, யாராவது ஞானஸ்நானம் எடுக்க வேண்டுமென்றால் பெரிய சபையில் கேட்டு, அவர்கள் ஒதுக்கும் நேரத்துக்குப் போய் நிற்க வேண்டும். நமக்கே ஒன்று இருந்தால் நல்லது என்று பேச்சு வந்த அன்று, கடைசி வரிசையிலிருந்து தேதிக்காரர் எழுந்தார். "தொட்டி என் பொறுப்பு. ஒத்தப் பைசா யாரும் தர வேணாம்." எல்லாரும் கைதட்டினார்கள். அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. உடனே பிரசங்க மேடையிலிருந்து போதகர் சொன்னார்: "அப்ப அதுல முதல்ல இறங்கப்போறதும் மாமாதான்." கைதட்டல் இரண்டு மடங்கானது. அவர் மட்டும் மெதுவாக உட்கார்ந்தார்.

சபைக்கு அவர் புதியவர் அல்ல. நாற்காலி போடுவதில் முதல் ஆள், மின்விசிறி நின்றால் ஏணியில் ஏறும் ஆள். ஞானஸ்நானம் என்று வந்தால் மட்டும் நழுவிவிடுவார். மகள் கல்யாணம் முடியட்டும் என்றார், முடிந்தது. பட்டறைக்குக் கூரை மாற்றிவிட்டு என்றார், மாற்றியாயிற்று. அப்புறம், இந்தக் கோபம் கொஞ்சம் அடங்கட்டும், சுத்தமான மனுஷனாக வந்து நிற்கிறேன் என்றார். கோபம் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்ட வேலையாள் இல்லையே, அது பாட்டுக்கு இருந்தது.

இதில் மாட்டிக்கொண்டவர் அவர் மனைவி. இருவரும் கிறிஸ்துவை ஏற்று விசுவாசத்துக்கு வந்த நாளில், "இறங்கினா ரெண்டு பேரும் ஒரே நாள்ல இறங்குவோம்" என்று தேதிக்காரர்தான் மனைவியைக் கேட்டுக்கொண்டார். அந்த ஒரு வார்த்தைக்காக அந்த அம்மாள் வருஷக்கணக்காகக் காத்திருந்தார்.

கோபமும் கூரையும் சும்மா. உள்ளே கிடந்தது வேறு. அந்தப் போதகர் அவருடைய மைத்துனர், மனைவியின் தம்பி. போதகர் ஆவதற்கு முன்பு இதே பட்டறையில் இவரிடம் வேலை பழகியவர். ஒருநாள் வாடிக்கையாளர் வீட்டு இரும்பு கேட்டில் மைத்துனர் வெல்டிங் வைக்கும்போது தகடு உருகி, கை நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்தது. தேதி அடுத்த நாள். வேலையாட்கள் எல்லாரும் பார்க்க, தேதிக்காரர் "உன் கை எதுக்கும் லாயக்கில்ல, போடா வெளியே" என்று விரட்டிவிட்டார். மறுநாள் காலையில் மெஷினைத் தொட்டபோதுதான் தெரிந்தது, கரண்டைக் கூட்டி வைத்தது தானே என்று; முந்தின நாள் கனமான வேலை ஒன்றுக்கு ஏற்றியதை இறக்க மறந்திருக்கிறார். குமிழைத் திருகிப் பழைய இடத்தில் வைத்தார். யாரிடமும் மூச்சு விடவில்லை.

அப்படி விரட்டப்பட்டவன் கையில் இப்போது தலைகுனிந்து நிற்க வேண்டும். தண்ணீரில் நின்று, கையைக் கட்டி, அவன் சாய்க்கிற பக்கம் சாய வேண்டும். ஊரறிய.

அதனால் தொட்டி வளரவே இல்லை. தகடு மெல்லிசு என்று ஒருமுறை மாற்றினார். படி உயரம் போதவில்லை என்று அறுத்து மறுபடி வைத்தார். கடைசியில் மூலையில் ஒழுகுகிறது என்ற பேச்சு பிடித்துக்கொண்டது. அது வசதியான பேச்சு. ஒழுகல் என்றால் யாரும் மறுகேள்வி கேட்க மாட்டார்கள். ஞானஸ்நானத்துக்குப் பெயர் கொடுத்திருந்த நான்கைந்து பேரும், மாமா தொட்டி வரட்டும் என்று மரியாதைக்காகக் காத்திருந்தார்கள்.

ஒரு புதன்கிழமை, மதியச் சாப்பாட்டை மேஜையில் வைத்துவிட்டு மனைவி சொன்னார்: "வர்ற ஞாயித்துக்கிழமை நான் பெரிய சபைத் தொட்டிக்குப் போறேன். தம்பிகிட்ட சொல்லிட்டேன்."

அவர் சோற்றுத் தட்டைத் தள்ளினார். தொட்டி செய்கிறவன் பெண்டாட்டி அடுத்தவன் தொட்டிக்குப் போனால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்று குரலை உயர்த்தினார். நாலு பேருக்காக ஒன்றும் தான் இறங்கப்போவதில்லை என்று அந்த அம்மாள் குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"மூலையில ஒழுகுதுன்னு எத்தனை தடவ சொல்றது?"

"எந்த மூலை?"

அவர் பதில் சொல்வதற்குள் அந்த அம்மாள் எழுந்துபோய்ச் சாக்கை இழுத்து எறிந்தார். ஹோஸ் பைப்பைத் தொட்டிக்குள் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டார். தண்ணீர் ஏற ஏற இருவரும் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். வேலையாட்கள் இருவரும் கிரைண்டரை நிறுத்திவிட்டு, எதையோ தேடுகிற மாதிரி திரும்பிக்கொண்டார்கள். மார்பளவு தண்ணீர் நின்றது. அவர் பழக்கதோஷத்தில் சாக்பீஸை எடுத்து வெளிப்பக்க மூட்டுகளில் தேய்த்தார். ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் அந்த இடம் நனைந்து கறுக்கும். நான்கு மூலையிலும் வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. அந்த நேரத்திலும், என்ன சுத்தமான வெல்டிங் என்று ஒரு நொடி அவர் மனம் பூரித்தது. அப்புறம்தான் வெட்கம் வந்தது.

"காட்டுங்க, எங்க ஒழுகுது?" என்றார் மனைவி. "ஊருக்கெல்லாம் தேதி சொல்றீங்க. ஆண்டவருக்கு மட்டும் ஒழுகுதுங்கறீங்க."

அவர் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பிறகு தாழ்ந்த குரலில், "உன் தம்பி கையில நான் எப்படிச் சாய்வேன்?" என்றார்.

"அத அவன்கிட்டயே கேளுங்க." அந்த அம்மாள் குழாயை மூடிவிட்டுத் தன் மேஜைக்குப் போய்விட்டார்.

சனிக்கிழமை போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று அவருக்குத் தோன்றியது. அந்த எண்ணம் வந்த வேகத்திலேயே அதன் முகம் அவருக்குத் தெரிந்துவிட்டது. கல்யாணம் முடியட்டும் என்று வந்ததும் இதுதான், கூரை முடியட்டும் என்று வந்ததும் இதுதான். "ஆண்டவரே, இது என்னால முடியாது, நீங்கதான் இழுத்துட்டுப் போகணும்" என்று வாய்விட்டுச் சொன்னார். ஒரு வேலையைத் தன்னால் முடியாது என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. நேரே முகப்புக்குப் போய்ப் பலகையில் எழுதினார்: சபைத் தொட்டி, இன்று.

தண்ணீரை இறைத்து, லோடு ஆட்டோ வரவழைத்து, தொட்டியை ஏற்றினார். வேலையாட்கள் இருவரையும் கூடவே வரச்சொன்னார். தூக்குவதற்கு மட்டுமல்ல. அன்றைக்கு மைத்துனரை விரட்டியபோது பார்த்துக்கொண்டு நின்றவர்கள் அவர்கள்.

போதகர் சபை முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார். தொட்டியைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "என்ன மாமா, சொல்லாம கொள்ளாம?" என்று ஓடிவந்தார். தேதிக்காரர் வண்டியை விட்டு இறங்கி, கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் வேட்டியில் துடைத்தார்.

"அந்த கேட்ல ஓட்டை விழுந்தது உன்னால இல்ல. கரண்ட்ட ஏத்தி வச்சவன் நான். மறுநாளே எனக்குத் தெரியும். சொல்லல."

போதகர் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்தார். அது வழுக்கி விழுந்தது, எடுக்கவில்லை.

"என் கைதான் சரியில்லன்னு இத்தனை வருஷமா நெனச்சுட்டிருந்தேன் மாமா. வீட்ல ஒரு ஆணி அடிக்கக்கூட ஆள் கூப்பிடுவேன்."

தேதிக்காரர் எதற்கும் தயாராக வந்திருந்தார். திட்டினால் வாங்கிக்கொள்ள, முகத்தைத் திருப்பினால் நின்றுகொண்டிருக்க. இதற்குத் தயாராக வரவில்லை. "தப்பு என்னோடது. மன்னிச்சிரு" என்றார். அந்தச் சொல் வாயிலிருந்து வர, தகட்டை வளைப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. வந்தது.

போதகர் குழாயடிக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். கண் சிவந்திருந்தது. "அந்தப் பக்கம் பிடிங்க மாமா" என்று தொட்டியின் ஒரு முனையைத் தானே தூக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை தேதிக்காரர் தொட்டிக்குள் இரும்புத் தூண் மாதிரி நின்றார். போதகர் முதுகில் கை கொடுத்துச் சாய்த்துப் பார்த்தார், ஆள் அசையவில்லை. முன்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். "மாமா, முட்டிய மடக்குங்க" என்று காதோரம் சொன்னார் மைத்துனர். "நான் பிடிச்சிருக்கேன்." லாயக்கில்லை என்று அவர் தீர்ப்புச் சொன்ன அந்தக் கை முதுகில் உறுதியாக இருந்தது. அவர் முட்டியை மடக்கினார். தண்ணீர் முகத்தை மூடியது.

எழுந்து வெளியே வந்தவரிடம், அடுத்து இறங்கக் காத்திருந்த மனைவி துண்டைக் கொடுத்தார். "ஒழுகுதான்னு உள்ள நல்லா பாத்தீங்களா?"

"பாத்துட்டேன். நீ தைரியமா இறங்கு" என்றார்.

இப்போது அவர் அதே பட்டறையில்தான் இருக்கிறார். கோபம் வருகிறது, வந்தால் அன்றைக்கே போய் மன்னிப்புக் கேட்டுவிடுகிறார், மறுநாளைக்கு வைப்பதில்லை. மைத்துனரைச் சபையில் பாஸ்டர் என்றும் வீட்டில் பழையபடி டேய் என்றும் கூப்பிடுகிறார். தொட்டி சபை முற்றத்தில் இருக்கிறது. யாராவது இறங்கும் நாளில் அதைக் கழுவித் தண்ணீர் நிரப்புவது அவர் வேலை.