நிழல்காரரின் மூக்கு

கார் கண்ணாடிக்கு ஃபிலிம் ஒட்டுகிறவர் என்பதால் அவருக்கு நிழல்காரர் என்று பெயர். கடைக்குள் கார் நுழையாது. ஆகவே அடுத்தவருக்கான நிழலை அவர் நடைபாதை வெயிலில் நின்றே தயாரித்தார்.

மூக்கு நுனியில் ஆறாத புண்ணைப் பரு என்று சொல்லியே ஒரு வருடத்தை ஓட்டினார். தோல் புற்றுநோய் என்று டாக்டரம்மா சொன்னபோது, "எனக்கா? ஃபிலிம் ஒட்டுறவனுக்கா?" என்று மட்டும் கேட்க முடிந்தது.

வெட்டினால் மூக்கு நுனியும் போகும். வேறு வழியும் இருந்தது: தபால்தலை அளவில் ஓர் ஒட்டுப்பட்டை. அதன் அடியில் முடியைவிட மெல்லிய ஊசிகள். அவை தோலுக்குள் கரைந்து மருந்தை இறக்கும். பிறகு வெளிச்சம் பட்டால்தான் அந்த மருந்து வேலை செய்யும்; அதற்கு ஒரு சிவப்பு விளக்கு. ஒட்டும் நாளில் அவர் கண்களை இறுக மூடிக்கொண்டு, எப்போது குத்துவீர்கள் என்று கேட்டார். குத்தி முடிந்திருந்தது. வலிக்காத வைத்தியத்தின் மேல் அவருக்கு அங்கேயே நம்பிக்கை குறைந்தது.

பட்டையை எடுத்த இடத்தில் நர்ஸ் கறுப்புத் துணி ஒட்டினார். மத்தியானம் அந்த விளக்கைக் காட்டும்வரை வெளிச்சமே படக்கூடாது. வீட்டில் இருங்கள் என்றார்கள். அவர் கடைக்குப் போனார்.

"என்னங்க, பூனைக்குட்டி மாதிரி வந்து நிக்கிறீங்க?" என்றார் கல்லாவிலிருந்த மனைவி.

கார் எடுக்க ஒருவர் வரவேண்டியிருந்தது. பூனைக்குட்டியாக அவர்முன் நிற்கக் கௌரவம் இடம் தரவில்லை. துணியைப் பிய்த்துவிட்டு, கடையிலேயே விலை உயர்ந்த, கண்ணுக்கே தெரியாத ஃபிலிமை மூக்களவு வெட்டி, ஒரு குமிழிகூட இல்லாமல் ஒட்டினார். தொண்ணூற்றொன்பது சதவீதம் வெயிலை நிறுத்தும் என்று ஊரெல்லாம் சொல்லி விற்ற சரக்கு. தன் விளம்பரத்தைத் தானே நம்பிய வியாபாரி அநேகமாக அவர் ஒருவர்தான்.

நடைபாதையில் பேசிக்கொண்டிருந்தபோதே மிளகாய் அப்பியதுபோல மூக்கு எரிந்தது. மத்தியானம் ஆஸ்பத்திரிக் கண்ணாடியில் பார்த்தபோது அது தக்காளியாகச் சிவந்து வீங்கியிருந்தது.

டாக்டரம்மா இடுக்கியால் ஃபிலிமை உரித்தார். "என்ன சார் இது?"

"நம்ம கடை ஃபிலிம்தாம்மா. வெயில் வராது."

"புற ஊதாக் கதிர் வராது, சரி. வெளிச்சம்?"

அவர் இடுக்கியில் தொங்கிய ஃபிலிமைப் பார்த்தார்.

"இது வழியா உங்க மூக்கு எனக்குத் தெரிஞ்சுதே சார்."

மருந்து தெருவிலேயே கண்டபடி செலவாகிவிட்டது. எரிச்சல் ஆறியதும் இன்னொரு முறை பார்க்கலாம். அதுவும் பலிக்காவிட்டால் கத்திதான்.

"நானும் வெயில் வராதுன்னுதானங்க இத்தனை வருஷமா சொல்லி வித்தேன்" என்றார் கூட வந்திருந்த மனைவி.

அடுத்த முறை கறுப்புத் துணியை இரட்டையாகக் கேட்டு வாங்கி, விளக்கைக் காட்டும்வரை ஆஸ்பத்திரி நடையில் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார். யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து இரண்டு பேர் ஆறுதல் சொன்னார்கள். விளக்கின் கீழும் எரிந்தது, அசையவில்லை.

சில மாதம் கழித்து, சதையைக் கிள்ளிப் பரிசோதித்ததில் நோய் மிச்சமில்லை. நுனி அப்படியே இருந்தது, ஒரு வெளிர் புள்ளியோடு.

அன்று சாயங்காலம் ஒரு பெண்மணி அதே ஃபிலிமைக் காட்டி, வெயிலே வராதுதானே என்று கேட்டார். மனைவி வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"பாதிதாம்மா நிக்கும். மீதி உள்ள வரும்."

யோசித்துச் சொல்கிறேன் என்று அந்தப் பெண்மணி போய்விட்டார். நோயின் பெயரைக் கேட்ட அன்றுகூட மனைவி இப்படி அதிர்ந்துபோனதில்லை.