ஜன்னலோர மேசை

சென்னையிலிருந்து புறப்பட்ட சொகுசுக் கப்பலில் மகன் எங்களைக் கூட்டிப்போனான். அவன், மருமகள், அவளுடைய அப்பா அம்மா, நான், என் வீட்டுக்காரர்.

சாப்பாட்டு ஹாலில் அவர்கள் நால்வருக்கும் கடல் தெரிகிற ஜன்னலோர மேசை. எங்கள் இருவருக்கும் சமையலறைக் கதவோரம் ஒரு சின்ன மேசை. தட்டு தூக்கிப்போகிறவர்கள் என் நாற்காலியை இடித்துக்கொண்டே போனார்கள்.

இடம் ஒதுக்குகிறவரிடம் போனேன். கன்னடக்காரர். ஓசூர்க்காரிக்குக் கன்னடத்தில் சண்டை போடத் தெரியாதா? போட்டேன். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்:

"உங்க மகன்தாம்மா தனியா கேட்டாரு. ஆறு பேர் டேபிள் காலியா இருக்கு. மாத்தித் தரட்டுமா?"

எனக்குப் புரிந்துவிட்டது. என் வீட்டுக்காரருக்கு வலது கையில் இரண்டு விரல் கிடையாது, கம்பெனியில் பிரஸ் மெஷின் எடுத்துக்கொண்டது. பிசைந்து சாப்பிடும்போது சோறு சிந்தும். சம்பந்தியம்மா முகம் சுளித்ததை நானும் பார்த்திருந்தேன்.

"வேணாங்க" என்று திரும்பிவிட்டேன்.

"என்னா சொன்னாங்க?" என்றார் இவர்.

"ஜன்னல்கிட்ட ஏசி ஜாஸ்தியாம். உங்க முட்டிக்கு ஆவாதுன்னு நம்ம பையன்தான் இங்க போடச் சொன்னானாம்."

"பாத்தியா, எவ்ளோ அக்கறை!" என்று அந்தக் கையையே தூக்கி மகனை நோக்கி ஆட்டினார். அவன் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான்.

அடுத்த வேளையிலிருந்து, அவர் முதுகு ஜன்னல் பக்கம் இருக்கும்படி உட்காரவைத்தேன். எதிரே நான் உட்கார்ந்து அவர்களைப் பார்த்தபடி சாப்பிட்டேன்.

ஊர் திரும்பியதிலிருந்து மகனின் அக்கறையைத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவனை நல்லவனாக்கியது நான்தான். அதனால் ஒவ்வொரு முறையும் பக்கத்தில் நின்று தலையாட்ட வேண்டியிருக்கிறது.