வசந்தா அம்மாளின் கீபோர்டு

கலைச்செல்வனுக்கு ஒரு பொருளைப் பழுது பார்த்துவிட்டு அத்தோடு நிறுத்தத் தெரியாது. ஃபேன் மாட்டச் சொன்னால் சுவருக்கும் பெயிண்ட் அடித்துவிட்டு வருகிற ஆள். தட்டாஞ்சாவடியில் யுபிஎஸ் சரிசெய்யும் வேலை. வீட்டுக்கு வந்தால் பழைய கம்ப்யூட்டர்கள். வேலை சுத்தமாக இருக்கும், அதில் குறை சொல்ல முடியாது. அந்தக் கர்வம்தான் கொஞ்சம் அதிகம்.

வசந்தா அம்மாள் வீட்டுக் கம்ப்யூட்டர், குடும்பம் பிரான்சில் இருந்தபோது வாங்கியது. மகன் பாலாஜி சிறுவனாக இருக்கையில் அதில் ஒரு புரோகிராம் எழுதினான். தங்கச்சி கைவைக்காமல் இருக்க, அது ஒரு ரகசியச் சொல்லைக் கேட்கும். ‘மமான்’, அதாவது பிரெஞ்சில் அம்மா, என்று அடித்தால் உள்ளே விட்டு, அவன் போட்ட மெட்டு ஒன்றை வாசிக்கும். வேறு எதை அடித்தாலும் கர்ரென்று கத்தும். பாலாஜி போன வருடம் பிரான்சிலேயே இறந்துபோனான். அம்மாளுக்கு இப்போது கண் சுத்தமாகத் தெரியாது. அந்த மெட்டை இன்னொரு தடவை கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

“ஓடினா போதும் தம்பி. வேற எதையும் தொடாத,” என்று சொல்லித்தான் கொடுத்தார்.

கெட்டிருந்தது பவர் சப்ளை மட்டும். அதை மாற்றியதும் ஓடியது. அங்கே நிறுத்தித் தொலைத்திருக்கலாம். புரோகிராம் இருந்த பழைய கேசட் இனி எதற்கு என்று அதை மெமரி கார்டில் ஏற்றினான்; சரி, தப்பில்லை. புது ஸ்கிரீன் வைத்தான், அதுவும் போகட்டும். அப்புறம் கண் கீபோர்டில் விழுந்தது. மஞ்சளேறிப்போய் இரண்டு கீ இறுகியிருந்தது. பிரெஞ்சு கீபோர்டு வேறு, சில எழுத்துகள் இடம் மாறி இருக்கும். இனி இதை யார் தொடப்போகிறார்கள் என்று பிடுங்கிவிட்டு, நம் ஊரில் எல்லோரும் அடிக்கிற புது கீபோர்டைப் பொருத்தினான். பழையது காயலான் கடைக்குப் போயிற்று. தன்னைப் போன்றவர்களின் வாட்ஸப் குழுவில் போட்டோ போட்டான், பாராட்டு குவிந்தது. அம்மாளை ஒரு வார்த்தை கேட்போம் என்று அந்த மகராசனுக்குத் தோன்றவே இல்லை.

கொண்டுபோய் வைத்த அன்று அம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். விரல்கள் தாமாகவே இடம் பார்த்து அடித்தன. கர்ர். மறுபடியும் அடித்தார். கர்ர்.

“எனக்குத்தான் மறந்துடுச்சு போல,” என்றார். “அவன் வச்சது. அதக்கூட மறந்துட்டேன் பாரு.”

கலைச்செல்வனுக்கு அப்போதுதான் புரிந்தது. ஆமாம் வயசாயிடுச்சு என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. அப்படி நினைத்ததற்கே கூசிப்போனான்.

“நீங்க மறக்கலம்மா. நான்தான் கீபோர்ட மாத்திட்டேன். எழுத்தெல்லாம் இடம் மாறிடுச்சு.”

“பழசு எங்க?”

“காயலான் கடையில போட்டுட்டேன். இந்நேரம் ஒடச்சிருப்பாங்க.”

அம்மாள் புது கீபோர்டை விரலால் தடவிப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை. அவன் அவர் விரலைப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாக அழுத்தவைத்தான். மெட்டு வந்தது. அம்மாள் கடைசிவரை கேட்டார். பிறகு அவன் பிடியிலிருந்து விரலை மெல்ல உருவிக்கொண்டார்.

“இப்ப உள்ள போனது நீ தம்பி,” என்றார். “நான் இல்ல.”